வீகன் ஷூவுக்குள் என்ன இருக்கிறது? வாசகர் கேள்வி-பதில்

வீகன் (நனிசைவ) காலணிகள், அதாவது தோலோ வேறு விலங்குப் பொருளோ சேராத காலணிகள் பற்றி வந்த கேள்விகளில் பலரும் கேட்டிருந்தவற்றை எடுத்துக்கொண்டோம். காலணி மெட்டீரியல், தயாரிப்பு, பழுதுபார்ப்பு ஆகியவற்றில் பழக்கமுள்ளவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

ஷோரூமில் ‘வீகன் லெதர்’ ஷூ 3,500 ரூபாய். எதிர்க்கடையில் பார்வைக்கு அதே மாதிரி ரெக்ஸின் ஷூ 700 ரூபாய். இரண்டிலும் தோல் இல்லை என்றால் விலை மட்டும் ஏன் இப்படி?
– வாசகர், கோவை

‘வீகன் லெதர்’ என்று ஒரு மெட்டீரியல் கிடையாது. எது இல்லை என்பதை மட்டும் சொல்கிற பெயர் அது. தோல் இல்லை, சரி. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் விலையும் புரியும், ஷூ எத்தனை நாள் வரும் என்பதும் தெரியும். கடையில் இருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, துணி மேல் பி.வி.சி. பூச்சு. நாம் ரெக்ஸின் என்கிறோமே, அதுதான். ரெக்ஸின் என்பது முதலில் ஒரு இங்கிலாந்துக் கம்பெனியின் வணிகப் பெயர். அப்போது பூச்சு நைட்ரோசெல்லுலோஸ். சரக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதில் செய்ததுதான். அதை வளைய வைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். வெயிலிலும் சூட்டிலும் அது மெல்ல மெல்ல வெளியேறிவிடும். அப்புறம் பூச்சு மறுபடி குழாய்க் குணத்துக்குத் திரும்பும். விரல் மடங்கும் இடத்தில் குறுக்கே வெடிப்பது இதனால்தான்.

இரண்டாவது, துணி மேல் பி.யூ. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) படலம். பி.வி.சி.யை விட எடை குறைவு, தொட்டால் மிருது, குளிரில் விறைக்காது. ஆனால் படலம் மெல்லியது. எங்காவது உராய்ந்து கிழிந்துவிட்டால் அங்கிருந்து தோலுரிகிற மாதிரி உரிந்துகொண்டே போகும். பழைய சோபாவில் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது, மைக்ரோஃபைபர். இதில் நெய்த துணியே இல்லை. தலைமுடியை விட மெல்லிய நைலான் இழைகளைச் சிக்கலாகப் பின்னி, அந்தப் பின்னலுக்குள் பி.யூ.வை ஊற வைத்துச் செய்வது. மாட்டுத் தோலுக்குள்ளும் இழைகள் இப்படிச் சிக்கலாகத்தான் கிடக்கின்றன. அதனால் குணமும் தோலுக்குக் கிட்டே வருகிறது. வெட்டிய ஓரம் நூல் பிரியாது, தையல் பிடிக்கும், மடங்கும் இடத்தில் சீக்கிரம் வெடிக்காது. விலையும் ரெக்ஸினைப் போலப் பல மடங்கு.

கடையில் கண்டுபிடிக்க: லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கின் ஓரத்தையோ, சாண்டல் வாரில் பக்கிள் ஓட்டையின் விளிம்பையோ நகத்தால் விலக்கிப் பாருங்கள். மேலே ஒரு படலம், கீழே நெய்த நூல் என இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அது பூச்சுத் துணி. ஓரம் முழுக்க ஒரே மாதிரி பஞ்சுபோல இருந்தால் மைக்ரோஃபைபர். 3,500 ரூபாய் ஷூவில் நெய்த நூல் தெரிந்தால், அந்த விலையில் பெரும்பங்கு ‘வீகன்’ என்ற சொல்லுக்குத்தான்.

பூச்சு பி.வி.சி.யா, பி.யூ.வா என்று அறிய வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கரண்டு வயருக்குள் இருக்கும் செப்புக் கம்பி ஒரு சாண் எடுத்து, குறடால் பிடித்து, நுனியைக் கேஸ் அடுப்பில் காட்டுங்கள். சுடரில் பச்சை நிறம் போய், கம்பி சிவக்கும் வரை சுட வேண்டும். சுட்ட நுனியைப் பழைய ஷூவின் துண்டில் வைத்தால் கொஞ்சம் உருகி ஒட்டும். அதை மறுபடி சுடரில் காட்டும்போது பளிச்சென்ற பச்சை எழுந்தால் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. பச்சை வராவிட்டால் பெரும்பாலும் பி.யூ. ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு தடவை மட்டும் செய்யுங்கள். அந்தப் புகை நல்லதல்ல. கடையில் போய்ச் செய்துவிடாதீர்கள்.

மேல்பாகம் தோல் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்குகிறேன். அதற்கு மேலும் ஷூவுக்குள் விலங்குப் பொருள் இருக்க வாய்ப்பு உண்டா?
– நனிசைவ வாசகி, சென்னை

உண்டு. எல்லாரும் கோந்தைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். எலும்புப் பசையும் தோல் பசையும் ஒரு காலத்தில் இருந்தவை. இன்றைய ஷூ ஃபேக்டரியில் ஓடுவது நியோபிரீன், பி.யூ., ஹாட்மெல்ட், மூன்றுமே செயற்கைப் பசைகள். கைவேலையாகப் பழைய முறையில் செய்பவர்களிடம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பட வேண்டிய இடம் குதிகாலைச் சுற்றி விறைப்பாக நிற்கும் கவுன்ட்டர். வெளித் துணிக்கும் உள் லைனிங்குக்கும் நடுவே ஒளிந்திருக்கும். தோல் தொழிற்சாலையின் சீவல் கழிவை அரைத்து, ரப்பர் பாலில் கலந்து, அட்டையாக அழுத்தியதை லெதர் போர்டு என்பார்கள். மலிவு, வளைத்தால் வடிவம் பிடிக்கும். அதனால் மேலே ரெக்ஸினும் உள்ளே லெதர் போர்டுமாக ஷூ வருவது சாதாரணம். உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோல் அட்டையும், பல அடுக்காக அடுக்கின மாதிரி தெரியும் ஹீலும் இதில் இருக்கலாம். மாற்று இல்லாமல் இல்லை. கவுன்ட்டருக்குச் சூட்டில் இளகும் தெர்மோபிளாஸ்டிக் ஷீட், இன்சோலுக்கு மரக்கூழ் அட்டை என்று தாராளமாகக் கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது; தயாரிப்பாளரிடம் ‘கவுன்ட்டரும் இன்சோல் போர்டும் எதில் செய்தது’ என்று பகுதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ‘முழுக்க வீகன்’ என்று பொதுவாக வரும் பதிலை விட, ‘செல்லுலோஸ் போர்டு’ என்று வரும் பதில் நம்பகமானது.

மற்றவை: உள்ளே ஒட்டிய கம்பளி ஃபெல்ட், ஓரங்களில் அழகுக்கு வைத்த ஸ்வேட் (மென்மயிர்ப் பரப்புள்ள தோல்) துண்டு, தேன்மெழுகு தடவிய தையல் நூல். கடைகளில் ‘பி.யூ. கோட்டட் லெதர்’ என்று ஒன்று விற்கிறது. அது தோலின் அடி அடுக்கை உரித்தெடுத்து மேலே பி.யூ. படலம் ஒட்டியது. ‘பி.யூ.’ என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது தோல்தான்.

ஐரோப்பிய விதிப்படி ஷூவில் சின்ன படக்குறிகளோ, அவற்றுக்கான சொற்களோ இருக்க வேண்டும். நம் ஊரில் விற்கும் பல ஷூக்களின் பெட்டியிலும் நாக்கின் உட்பக்கத்திலும் அந்தப் படக்குறிகளைக் காணலாம். விரித்த மாட்டுத் தோல் வடிவம் தோலைக் குறிக்கும். அந்த வடிவத்துக்குள் சின்ன டைமண்ட் இருந்தால் பூச்சுப் பூசிய தோல். பின்னல் வலை என்றால் துணி. வெறும் டைமண்ட் என்றால் இதர பொருள், அதாவது ரப்பர், பிளாஸ்டிக். மேல்பாகம், உள் லைனிங், அடி சோல் மூன்றுக்கும் தனித்தனிக் குறி. ஆனால் இதில் ஒரு நெளிவு உண்டு. மேல்பாகத்திலும் லைனிங்கிலும் பரப்பளவில் 80 சதவீதம், சோலில் கன அளவில் 80 சதவீதம் எது இருக்கிறதோ அதற்குத்தான் குறி. மீதி 20 சதவீதத்தில் தோல் இருக்கலாம். கவுன்ட்டரும் பசையும் கணக்கிலேயே வராது. மூன்று டைமண்டைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிட முடியாது.

வீகன் சொசைட்டியின் சூரியகாந்தி முத்திரை, பீட்டா தரும் வீகன் முத்திரை இரண்டும் ஒளிந்திருக்கும் பகுதிகளையும் சேர்த்துக் கேட்பவை. பீட்டாவுடையது கம்பெனி எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை நம்பித் தரப்படுவது என்பதை மனதில் வையுங்கள்.

ரப்பர் ஹவாய் செருப்பு வீகன்தானே?
– வாசகர், நாகர்கோவில்

ரப்பர் மரத்துப் பால், அதை உறைய வைக்க ஃபார்மிக் அமிலம், கெட்டிப்படுத்த கந்தகம். இதுவரை விலங்கு இல்லை. இப்படிக் கெட்டிப்படுத்தும்போது (வல்கனைஸ் செய்வது என்பார்கள்) துத்தநாக ஆக்ஸைடுடன் ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பார்கள். 100 பங்கு ரப்பருக்கு இரண்டு பங்கு அளவில். அது பாமாயிலிலிருந்தும் வரும், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரும். முத்திரை பெற்ற கம்பெனிகள் எதிலிருந்து வந்தது என்று சப்ளையரிடம் எழுதி வாங்கியிருக்கும். மற்ற செருப்புகளில் தெரிந்துகொள்ள வழி குறைவு. வீகன்களில் பெரும்பாலோர் இந்த அளவுக்குத் தோண்டுவதில்லை.

திருமணத்துக்கு வாங்கிய ஷூவைப் பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். நான்கு வருடம் கழித்து அணிந்து எம்.ஆர்.டி. ஸ்டேஷன் வரை நடப்பதற்குள் சோல் கேக் மாதிரி உதிர்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், சிங்கப்பூர்

ஏமாற்றவில்லை. உங்கள் ஊர் ஈரக்காற்றின் வேலை இது. நுரை பி.யூ. சோல்களில் பலவும் பாலியெஸ்டர் வகை. அந்த மூலக்கூறுச் சங்கிலியின் இணைப்புகளைக் காற்றில் உள்ள ஈரம் ஒவ்வொன்றாக வெட்டும். வெட்டும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை வேகப்படுத்துகிறது. அதனால் முதல் இரண்டு வருடம் ஒன்றுமே தெரியாது, பிறகு சில மாதத்திலேயே மொத்தமும் போகும். ஈரப்பதமான ஊரில் மூன்று முதல் ஐந்து வருடத்தில் இது நடப்பது சகஜம். தினமும் போடும் ஷூவுக்கும் இதே கதிதான். ஆனால் அது அதற்கு முன்பே தேய்ந்து குப்பைக்குப் போய்விடுவதால் நாம் பார்ப்பதில்லை. இது வீகன் ஷூவுக்கு மட்டும் வரும் நோயும் அல்ல. அசல் தோல் ஷூவுக்கும் அடியில் பி.யூ. சோல் இருந்தால் உதிரும்.

முன்கூட்டியே அறிய ஒரு வழி: சோலின் பக்கவாட்டில் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல பி.யூ. உடனே மீண்டு எழும். பள்ளம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலோ கல்யாண வீட்டுக்கு அதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பல சோல்களின் அடியில் கடிகார முகம் போல ஒரு சின்ன வட்டம் இருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் வருடம், ஓர் அம்புக்குறி. அச்சில் வார்த்த மாதம் அதுதான். தள்ளுபடியில் வாங்கும்போது அதைப் பாருங்கள். கடை அலமாரியிலேயே மூன்று வருடம் கிடந்த ஷூவுக்குப் பாதிக்கு மேல் ஆயுள் போயிருக்கும்.

உதிரத் தொடங்கிய சோலை ஒட்டிப் பயனில்லை. பசை நன்றாகத்தான் பிடிக்கும். பிடித்த இடத்துக்கு அடுத்த அடுக்கு பொடியாகக் கழன்று வரும். மேல்பாகம் நன்றாக இருந்தால் பழைய சோலை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் சோல் மாற்றச் சொல்லுங்கள். மேல்பாகமும் பி.யூ. என்றால் அதுவும் வரிசையில் நிற்கிறது, காசு செலவழிக்காதீர்கள்.

வருடத்துக்கு இரண்டு தடவை போடுவதற்கு ஷூ வாங்குவதானால் ரப்பர், டி.பி.ஆர். (சூட்டில் உருகும் செயற்கை ரப்பர்), ஈ.வி.ஏ. (லேசான நுரை பிளாஸ்டிக்) சோல் பாருங்கள். இவற்றை ஈரம் இப்படி வெட்டாது. பி.யூ.தான் வேண்டும் என்றால் பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் தேய்மானம் கொஞ்சம் கூடுதல். எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவில் வைக்கலாம். ஆனால் ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். ஈரம் குடித்து நிறைந்த ஜெல்லோடு மூடி வைத்தால் டப்பா ஈரத்தைக் காக்கும் பெட்டியாகிவிடும். கார் டிக்கி மிக மோசமான இடம்.

அன்னாசி லெதர், கள்ளி லெதர், காளான் லெதர் என்றெல்லாம் படிக்கிறேன். இவை பிளாஸ்டிக் இல்லாதவையா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பெரும்பாலும் இல்லை. கார்மென் ஹிஹோசா என்ற ஸ்பெயின் நாட்டுப் பெண்மணி உருவாக்கிய பின்யாடெக்ஸில் அடிப்படை அன்னாசி இலை நார். பிலிப்பைன்ஸில் பழம் பறித்த பிறகு மிஞ்சும் இலைகள். நாரைப் பிணைக்கச் சோள மாவுச்சத்திலிருந்து வரும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக், தண்ணீர் இறங்காமலிருக்க மேலே ரெசின் பூச்சு. மெக்சிகோவின் டெசர்ட்டோ 2019-ல் வந்தது. கள்ளிப் பொடியைப் பி.யூ.வோடு சேர்த்துத் துணி மேல் பூசுவது. ஆப்பிள் லெதர் என்பது ஜூஸ் பிழிந்த சக்கைப் பொடி கலந்த பி.யூ. பூச்சு. சுருக்கமாகச் சொன்னால், பி.யூ.வில் ஒரு பங்கைக் குறைத்து அங்கே தாவரப் பொடியைப் போட்டிருக்கிறார்கள். அது நல்ல வேலைதான். ஆனால் மண்ணில் புதைத்தால் மக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காளான் வேர் இழையில் செய்த மைலோ பெரிய பிராண்டுகள் பின்னால் நின்றும் 2023-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

நம் பக்கம் சுவாரசியமானது கேரளத்தின் மலாய். தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியாவை வளர்த்தால் மேலே வெண்ணிறக் கட்டி படரும். ஜூஸ் கடையில் நாட்டா டி கோகோ என்று மென்று தின்னும் அதே பொருள். அதோடு வாழை போன்ற நார்களைச் சேர்த்து ஷீட்டாக உலர்த்துகிறார்கள். பைக்கும் பர்ஸுக்கும் அழகு. ஷூவின் மேல்பாகம் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மடங்கும். மழையும் சேறும் படும். அந்தப் பாட்டைத் தாங்குவதில் இன்றைக்கு மைக்ரோஃபைபர்தான் முன்னால் நிற்கிறது. அது முழுக்க பெட்ரோலியச் சரக்கு. எந்தக் கொள்கைக்கு முதலிடம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

பையனுக்குச் சிந்தெடிக் ஸ்கூல் ஷூ வாங்கினேன். சாயங்காலம் கழற்றினால் வீடே நாறுகிறது. குதிகாலில் கொப்புளமும் வருகிறது. ‘போடப்போட லூஸாகும்’ என்று கடைக்காரர் சொன்னார். இரண்டு மாதம் ஆகியும் ஆகவில்லை.
– வாசகி, திருநெல்வேலி

லூஸாகாது. தோல் வியர்வையை உறிஞ்சி, நனைந்து, காலின் வடிவத்துக்கு இளகிக் கொடுக்கும். சிந்தெடிக் இழுத்தால் இழுபடும். விட்டால் பழைய அளவுக்கே திரும்பும். அமெரிக்க டூபாண்ட் கம்பெனி 1963-ல் கோர்ஃபாம் என்ற செயற்கைத் தோலைக் கொண்டுவந்து, 1971-ல் பெரும் நஷ்டத்தோடு கைவிட்டது. இந்த விட்டுக்கொடுக்காத குணமும் அதற்கு ஒரு காரணம். ஆகவே சிந்தெடிக் ஷூவைக் கடையில் போட்டுப் பார்க்கும்போதே சரியாக இருக்க வேண்டும். கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், பள்ளிக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் ஏறி இறங்கக் கூடாது. கொப்புளம் அங்கேதான் பிறக்கிறது.

வாடைக்குக் காரணம் ஈரம். பி.வி.சி. பூச்சு நீராவியை விடாது. உள் லைனிங்கும் பி.யூ. என்றால் வியர்வை போக வழியே இல்லை. அடுத்த முறை உள்ளே துணி லைனிங் இருக்கிறதா, சாக் லைனிங் (பாதத்துக்கு அடியில் போட்டிருக்கும் உள் விரிப்பு) கையோடு கழன்று வருகிறதா என்று பாருங்கள். இப்போதைக்குத் தினமும் வந்ததும் லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, சாக் லைனிங்கைத் தனியாக எடுத்து, உள்ளே நியூஸ் பேப்பர் திணித்து ஃபேன் காற்றில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் பேப்பரை மாற்றுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், பிளாஸ்டிசைசர் போய்விடும். முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடட்டும். பவுடர் கொட்டுவது ஈரத்தோடு சேர்ந்து களியாகும், அவ்வளவுதான்.

மகனின் சப்பாத்தின் அடி கழண்டுபோச்சுது. இரண்டு தரம் ஒட்டியும் ஒரு கிழமைக்கு மேல் நிற்குதில்லை. நல்ல பசைதான் வாங்கினோம். பிழை எங்கே?
– வாசகி, யாழ்ப்பாணம்

பசை நல்லதாக இருந்தும் அந்தச் சோலுக்கு ஏற்றதாக இல்லாமல் இருக்கலாம். செருப்புத் தைப்பவர்கள் ‘சொல்யூஷன்’ என்று வைத்திருக்கும் மஞ்சள் பசை நியோபிரீன். தோலுக்கும் துணிக்கும் அருமையாகப் பிடிக்கும். பி.வி.சி.யில் போட்டால் முதல் நாள் கல்லு மாதிரி இருக்கும், பிறகு பி.வி.சி.யிலிருந்து கசியும் பிளாஸ்டிசைசர் பசைக்குள் புகுந்து அதைக் களிம்பாக்கிவிடும். கழன்ற இடத்தைத் தொட்டால் பசை மெதுவாக, இழுபடுவதாக இருக்கிறதா? அப்படியென்றால் அதுதான் நடந்திருக்கிறது. சின்னக் குப்பியில் வரும் உடனடிப் பசை வேறு விதமாகத் தோற்கும்: கண்ணாடி போல் விறைத்துவிடும், நாலு எட்டு நடந்ததும் மடங்கும் இடத்தில் நொறுங்கும்.

முதலில் சோல் எது என்று பாருங்கள். அடியிலிருந்து அரிசி அளவு சீவித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் ஈ.வி.ஏ. அல்லது நுரை பி.யூ.; விடுக்கென்று மூழ்கினால் பி.வி.சி. அல்லது ரப்பர். மூழ்கியதைச் செப்புக் கம்பியில் சோதித்தால் பி.வி.சி.யா என்று தெரிந்துவிடும்.

பி.வி.சி., பி.யூ. இரண்டுக்கும் ஷூ சாமான் கடையில் பி.யூ. பசை கேட்டு வாங்குங்கள். பழைய பசையை ஒரு துளி விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும்; புதுப் பசை பழைய பசையைத்தான் பிடிக்கும், சோலைப் பிடிக்காது. பி.யூ. சோலை 60-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். அச்சிலிருந்து கழற்ற அடித்த சிலிக்கோன் அந்தப் பளபளப்பில்தான் ஒட்டியிருக்கிறது. பி.வி.சி.யைத் தேய்க்கத் தேவையில்லை. பசையோடு விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்து ஒரு தடவை துடைத்தால் போதும். ஊற வைத்தால் கரையும். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி 10 முதல் 15 நிமிடம் காய விடுங்கள். ஈரத்தோடு அமுக்குவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. விரல் வைத்தால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு, தலைமுடி உலர்த்தியால் இரண்டு பக்கமும் சூடு காட்டுங்கள். 60, 70 டிகிரியில் அந்தப் பசை மறுபடி உயிர் பெறும். கை பொறுக்காத சூடு வந்ததும் ஒரே தடவையில் சரியாக வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கி, சைக்கிள் ட்யூப் வாரால் இறுக்கிக் கட்டி ஒரு முழு நாள் விடுங்கள்.

ரப்பரும் டி.பி.ஆரும் பிடிவாதக்காரர்கள். அவற்றுக்குக் குளோரின் விடும் பிரைமர் ஒன்றைப் பூசினால்தான் பி.யூ. பசை பிடிக்கும். அது கிடைக்காவிட்டால் மெனக்கெடாதீர்கள்; சோலின் ஓரத்தில் வாய்க்கால் கீறி நைலான் நூலால் சுற்றித் தைக்கக் கொடுங்கள். தையல் எந்த பிளாஸ்டிக்கையும் மதிக்காது.

நாங்கள் சின்ன யூனிட். தோலில் மட்டும் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக்கொண்டிருந்தோம். இப்போது சிந்தெடிக் ஆர்டர் வருகிறது. மெஷின் அதே, ஆள் அதே, ஆனால் லாஸ்டிங்கில் (லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சில் அப்பரை இழுத்து ஏற்றும்போது) தையல் வரிசையோடு கிழிகிறது.
– வாசகர், ஆம்பூர்

ஊசியைப் பாருங்கள். தோலுக்கான ஊசியின் நுனி கத்தி போல வெட்டும். பூச்சுத் துணியில் அது ஒவ்வொரு குத்திலும் நூலை அறுத்துவிடுகிறது. உருண்டை நுனி ஊசிக்கு மாறுங்கள். அது நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். ஊசி ஒரு சைஸ் மெலிதாக இருக்கட்டும். அடுத்தது தையல் நெருக்கம். தோலில் அங்குலத்துக்கு 11, 12 போட்ட கை சிந்தெடிக்கிலும் அதையே போடும். அப்புறம் அது தபால்தலை ஓரம் மாதிரிதான். இழுத்தால் கோடு பிடித்துக் கிழியும். 8, 9-க்குக் குறையுங்கள், தையலுக்கு உள்ளே நைலான் டேப் கொடுங்கள். வேகமும் குறைய வேண்டும். ஊசி சூடாகி பி.யூ. உருகி நுனியில் ஒட்டினால் ஓட்டை பெரிதாகும்.

கட்டிங்கில் லாபம் உண்டு. தோலை ஒவ்வொன்றாகக் கீறல் பார்த்து வெட்ட வேண்டும். ரோலைப் பல அடுக்காகப் போட்டு வெட்டலாம். ஆனால் ரோலுக்கு ஒரு திசையில் இழுவை அதிகம், மறு திசையில் குறைவு. இழுவை குறைந்த திசை மூக்கிலிருந்து குதிகாலுக்கு ஓட வேண்டும். இடம் மிச்சம் பிடிக்க டையை (வெட்டும் அச்சை) திருப்பி வைத்தால் இடது ஷூ ஒரு வடிவம், வலது ஷூ ஒரு வடிவம். லாஸ்டில் ஏற்றிய பிறகு சூடு கொடுத்து ஆற விட்டுத்தான் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் வடிவம் பின்வாங்கும்.

ஆர்டர் மாறுவது உங்கள் ஊருக்கு மட்டும் அல்ல. செய்யாறில் நைக்கி ஷூ, பெரம்பலூரில் க்ராக்ஸ் எனத் தோல் இல்லாக் காலணி ஃபேக்டரிகள் தமிழ்நாட்டில் எழுந்துவிட்டன. 2022-ல் வந்த மாநிலக் காலணிக் கொள்கையும் இந்தப் பக்கம் சாய்ந்ததுதான். ஊசி மாற்றுவது பெரிய செலவு இல்லை.

ஃபேக்டரியில் சேஃப்டி ஷூ கட்டாயம். தோல் இல்லாமல் கிடைக்குமா?
– வாசகர், ஓசூர்

கிடைக்கும். மைக்ரோஃபைபர் மேல்பாகம், காம்போசிட் டோ கேப் (உலோகம் இல்லாத மூக்குக் கவசம்) என்று கேளுங்கள். ஐ.எஸ். 15298 (பாதுகாப்புக் காலணிக்கான இந்தியத் தரம்) பகுதி 2 என்று முத்திரை இருந்தால் மூக்குக் கவசம் 200 ஜூல் அடியையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்கும். தோல் ஷூவுக்கும் இதே அளவுகோல்தான். பகுதி 3 என்றால் 100 ஜூல். எண்ணெய், தண்ணீர் புழங்கும் இடத்தில் மைக்ரோஃபைபர் தோலை விட நன்றாகவே உழைக்கும். வெல்டிங், வார்ப்பட வேலைக்கு மட்டும் வேண்டாம். தோல் மேல் விழும் பொறி கரிந்து நிற்கும்; சிந்தெடிக் உருகிக் காலில் ஒட்டும். அந்த வேலையில் இருப்பவர் கொள்கையைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டுக் காலைப் பார்ப்பது நல்லது.

டயர் செருப்பு?
– வாசகர், சேலம்

‘வீகன்’ என்ற சொல் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே வந்துவிட்ட தோல் இல்லாச் செருப்பு அது. லாரி டயரில் அடி, வார், சுற்றிலும் ஆணி. வாங்கும்போது ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பழைய நைலான் டயர் என்றால் வெட்டிய ஓரத்தில் நூல் தெரியும், தொந்தரவு இல்லை. ரேடியல் டயரின் நடுப்பகுதி என்றால் எஃகுக் கம்பி. தேயத் தேய ஊசி போல வெளியே வந்து காலைக் கிழிக்கும். வார் பூட்டிய ஆணியின் நுனி அடியில் மடக்கி அடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீகன் ஷூவுக்கு என்ன பாலிஷ் போடுவது?
– வாசகி, புதுச்சேரி

போட வேண்டாம். டப்பா பாலிஷில் பலவற்றில் தேன்மெழுகு உண்டு. அதை விடுங்கள், அதிலுள்ள கரைப்பான் பி.யூ. படலத்தைக் கெடுக்கும். மெழுகும் உள்ளே இறங்காது, மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும். ஒரு மக் தண்ணீரில் நாலு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பிழிந்த பருத்தித் துணி, பிறகு வெறும் ஈரத்துணி. கறுப்பு ஷூவில் மூக்கு வெளுத்திருந்தால் துணியில் வரையும் அக்ரிலிக் ஃபேப்ரிக் பெயின்ட்டைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் ஒற்றி, காய்ந்ததும் இன்னொரு தடவை ஒற்றுங்கள். பிரஷ்ஷால் இழுத்தால் கோடு தெரியும்.